மழையில் ஒரு ஆர்ப்பாட்டம்: படத்தில் கோரிக்கை எங்கே?

கடையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடிதத்தின் சுருக்கம் இது:

“அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண போட்டோ எடுக்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறார்கள். ஒரு வருஷமாக ஒரு சின்ன மாதப் பத்திரிகைக்கு ஆர்ப்பாட்டங்களையும் எடுத்துக் கொடுக்கிறேன். போன ஐப்பசியில் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் முன்னால் பீடித் தொழிலாளர் ஆர்ப்பாட்டம். ஸ்டூடியோவிலிருந்து நேராகப் போனேன். பத்து நிமிஷத்தில் மழை பிடித்துவிட்டது. கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸை ஆவி மூடிக்கொண்டது. நூற்றைம்பது படத்தில் பாதி குடை, மீதி மங்கல். ஒரு காவலர் ஒரு படத்தை அழிக்கச் சொன்னார், அழித்துவிட்டேன். ஆசிரியர் தேர்ந்தெடுத்துப் போட்ட படம் எனக்குப் பிடித்த படம்தான். அம்மா பார்த்துவிட்டு, ‘நல்லாத்தான் இருக்கு, எதுக்கு நின்னாங்கன்னுதான் தெரியல’ என்றார்கள். மழைக்கு ஏற்ற புது கேமரா வாங்கலாமா? மழையில் எப்படி எடுப்பது? என் லென்ஸுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது, பூஞ்சையா? போகுமா?”

அன்புள்ள தங்கச்சிக்கு,

புது கேமரா வேண்டாம். மழைத் தடுப்புள்ள கேமரா வாங்கினால் அதே தடுப்புள்ள லென்ஸும் வாங்க வேண்டும். ஒன்றில் மட்டும் ரப்பர் வளையம் இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கிவிடும். அப்படி இரண்டையும் வாங்கினாலும் அது தெறிப்பைத் தாங்குமே தவிர, ஐப்பசி அடைமழையில் ஒரு மணி நேரம் நிற்பதற்குக் கம்பெனி பொறுப்பேற்காது. கையில் இருக்கிற கேமராவையும் 18-55 ஜூம் லென்ஸையும் வைத்துக்கொண்டே வேலையை நடத்தலாம். கொஞ்சம் காசு சேர்ந்தால் 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். மழை நாளின் குறைந்த வெளிச்சத்துக்கு அதுதான் கை கொடுக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அம்மா சொன்ன வார்த்தை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மழை வந்தால் எந்தப் படமும் அழகாகிவிடும். தார்ச்சாலை கண்ணாடியாகும், கொடியின் சிவப்பு அடர்த்தியாகும், குடைகள் பூப்போல விரியும். கண் அங்கேயே போய்விடும். நம் ஊர்ச் செய்திகளில் ஒரு வரி இருக்கிறது: “கொட்டும் மழையையும் பொருட்படுத்தாமல் ஆர்ப்பாட்டத்தில் ஈடுபட்டனர்.” நான் இந்த வேலைக்கு வந்த நாள் முதல் பார்க்கிற வரி. அந்த வரிக்கு ஏற்ற படத்தைத்தான் நாமும் எடுக்கிறோம், ஆசிரியர்களும் கேட்கிறார்கள். நின்றவர்கள் கேட்டது என்ன என்பது அந்த வரியிலும் இல்லை, படத்திலும் இல்லை.

நானும் இந்தத் தவறைச் செய்தவன். நெல்லை வண்ணாரப்பேட்டையில் ஒரு கார்த்திகை மாதச் சாலை மறியல். பேருந்துகளின் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் மழை கம்பி கம்பியாக இறங்க, நடுவில் ஒரு பெரியவர் கைகளைத் தூக்கி நிற்கிற படம். ரொம்பப் பேர் பாராட்டினார்கள். பல வருஷம் கழித்து ஒரு பையன் கேட்டான், “இது எதுக்கான மறியல்?” என்று. எனக்கே நினைவில்லை. படத்தின் பின்னால் எழுதியும் வைக்கவில்லை. அந்தப் பெரியவர் அன்று கத்திக் கேட்டது எதுவோ, அது என் படத்தோடேயே போய்விட்டது. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

அதனால் இனி நீங்கள் எடுக்கிற முதல் படம் துண்டறிக்கையாக இருக்கட்டும். போய் இறங்கியதும் சங்கத்துக்காரர் யாரிடமாவது ஒரு நோட்டீஸ் வாங்கி, அதை எழுத்துத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துவிடுங்கள். மெமரி கார்டில் அந்த நாளின் படங்களுக்கெல்லாம் தலைப்பு மாதிரி அது நிற்கும். அடுத்து அட்டைகள். சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியவை முதல் தூறலிலேயே கரைந்து வழியும். ஃப்ளெக்ஸ் தாங்கும், கையால் எழுதியது தாங்காது. ஆனால் கையால் எழுதியதில்தான் அந்த ஊர்க்காரர் தன் வார்த்தையில் கேட்டிருப்பார். மேகம் கறுத்தால் முதல் பத்து நிமிஷத்தை அந்த அட்டைகளுக்கும் அவற்றைப் பிடித்திருக்கும் கைகளுக்கும் கொடுங்கள். மழை வந்து எழுத்து வழிந்தோடும்போது அதே அட்டையை மறுபடி எடுங்கள். முன்னது இல்லாமல் பின்னது வெறும் மை.

சில சமயம் மழையே கோரிக்கையின் பகுதியாக இருக்கும். கார் நெல் அறுப்பு முடிகிற நேரத்தில் மழை முந்திக்கொண்டால், கொள்முதல் நிலையத்தில் நனைந்து முளைவிட்ட நெல்லை விவசாயிகள் கையில் அள்ளிக்கொண்டு வருவார்கள். மழை கோட்டும் கையுறையும் கேட்டு நிற்கிற தூய்மைப் பணியாளர்கள் அந்த மழையிலேயே அவை இல்லாமல் நிற்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணம் கேட்டு நின்றவர்களுக்கும் மழை வெறும் பின்னணி இல்லை. பீடிக்கும் அப்படித்தான். இலையும் தூளும் ஈரம் வாங்கினால் என்ன ஆகும், கடையில் எத்தனை பீடியைக் கழிப்பார்கள் என்று உங்கள் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மழைக்கும் கோரிக்கைக்கும் அப்படி ஒரு தொடர்பு இருந்தால் மழையை நன்றாகவே காட்டுங்கள். இல்லையென்றால் அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு மனிதர்களுக்குப் போங்கள்.

சரி, குடைக்கு வருவோம். நீங்கள் நின்றது மற்றவர்கள் உயரத்தில். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் குடையின் விளிம்புதான் தெரியும். ஒன்று மேலே போக வேண்டும், இல்லையென்றால் கீழே இறங்க வேண்டும். மேலேயிருந்து கூட்டத்தின் அளவு கிடைக்கும். வண்ணாரப்பேட்டையில் மேம்பாலம் இருக்கிறது. டவுன் ரத வீதியில் என்றால் எந்தக் கடைக்காரரிடம் கேட்டாலும் மாடிக்கு விடுவார்கள். ஒன்றிரண்டு படம் போதும், மேலேயே நின்றுவிடாதீர்கள். நல்ல படங்கள் கீழே இருக்கின்றன. முழங்காலிட்டுக் குடையின் மட்டத்துக்குக் கீழே போனால், குடைக்குள் ஒரு சின்ன அறை இருப்பது தெரியும். இரண்டு மூன்று பேர் தோளோடு தோள் ஒட்டி, ஒருவர் மனு இருக்கிற மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்னொருவர் கோஷத்துக்குப் பதில் குரல் கொடுத்துக்கொண்டு. வானத்தின் வெளிச்சம் கீழே ஈரத் தரையில் பட்டுத் தெறித்து முகத்துக்கு வரும். கறுப்புக் குடைக்குள்ளும் முகம் துலங்குவது அதனால்தான்.

மழை தொடங்குகிற முதல் சில நிமிஷங்களை விட்டுவிடாதீர்கள். எல்லா போட்டோகிராபர்களும் கேமராவை மூடிக்கொண்டு டீக்கடைக்கு ஓடுகிற நேரம் அது. யார் ஒதுங்குகிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் தன் குடையை யாருக்குக் கொடுக்கிறார்கள், மைக்கில் பேசுபவருக்குக் குடை பிடித்துத் தான் நனைகிறவர் யார் என்பதெல்லாம் அப்போதுதான் நடக்கும். அதை எடுக்க வேண்டுமென்றால் உறை முன்கூட்டியே கேமராவில் இருக்க வேண்டும்.

உறைக்குப் பெரிய செலவு இல்லை. ஜவுளிக்கடையில் கொடுக்கிற கனமான, நிறமில்லாத பிளாஸ்டிக் பை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தில் லென்ஸின் முன்வளையம் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதை லென்ஸ் ஹூட்டின் (லென்ஸின் முன்னால் மாட்டுகிற மறைப்பு) மேல் இழுத்து இரண்டு ரப்பர் பேண்ட் போடுங்கள். பையின் வாய் உங்கள் பக்கம் திறந்திருக்கட்டும், கை அதன் வழியாக உள்ளே போகும். அதை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். கைச்சூடும் மூச்சும் உள்ளே அடைபட்டால் அதுவே ஆவியாகிக் கண்ணாடியில் படியும். ஹூட் கட்டாயம் வேண்டும், துளி லென்ஸில் விழுவதை அதுதான் பாதி தடுக்கும். மழை நாளில் மட்டும் முன்னால் யூவி ஃபில்டர் என்கிற கண்ணாடி மூடி ஒன்று மாட்டிக்கொண்டால் பயமில்லாமல் துடைக்கலாம். துடைக்கத் துப்பட்டாவை எடுக்காதீர்கள், அது தண்ணீரை இழுவிவிடும். பல தடவை துவைத்து மெலிந்த பழைய பருத்தி வேட்டியை நாலைந்து துண்டாகக் கிழித்து, தனித்தனியாக ஒரு கவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நனைந்தால் அடுத்தது. நடக்கும்போது லென்ஸ் தரையைப் பார்த்துத் தொங்கட்டும். மழையில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது. 18-55 லென்ஸ் நீள நீள ஈரக்காற்றை உள்ளே இழுக்கும் என்பதால், கொட்டுகிற நேரத்தில் ஜூமை அசைக்காமல் காலால் முன்னும் பின்னும் நகர்ந்து எடுங்கள்.

உங்கள் லென்ஸ் மூடிக்கொண்டதற்குக் காரணம் மழை இல்லை, ஸ்டூடியோவின் ஏசி. குளிர்ந்த கண்ணாடி ஈரக்காற்றுக்கு வந்ததும், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது மாதிரி வியர்த்துவிட்டது. துடைத்தால் மறுபடி வரும், துடைக்கத் துடைக்க வரும். கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வந்தால்தான் நிற்கும். ஆர்ப்பாட்டத்துக்கு முந்தின இரவே கேமராவை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். முடியவில்லை என்றால் நன்றாக மூடிய பைக்குள்ளேயே வைத்து, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். பைக்கு வெளியே படிகிற ஈரம் பையோடு போகும்.

இனி எண்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை மேகம் இருந்தால் மாலை ஐந்துக்கே வெளிச்சம் இறங்கிவிடும். கல்யாண வீட்டில் ஃப்ளாஷ் போட்டுப் பழகிய கை அங்கே போகும். போடாதீர்கள். பக்கத்தில் விழுகிற துளிகள் எல்லாம் வெள்ளை உருண்டைகளாகி முகத்தை மறைத்துவிடும். ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600, 3200, தேவைப்பட்டால் 6400 வரை தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக இருக்கிற படத்தை அச்சில் போடலாம், ஆடிப்போன முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. நடக்கிற கூட்டத்துக்கு ஷட்டர் வேகம் 1/250-க்குக் கீழே இறங்க வேண்டாம். மழையே தெரிய வேண்டும் என்றால் 1/60 முதல் 1/125 வரை கோடாக விழும், 1/500-க்கு மேல் துளித்துளியாக நிற்கும். ஆனால் எந்த வேகத்தில் எடுத்தாலும் வெளிறிய வானத்துக்கு முன்னால் மழை தெரியாது. பின்னால் இருட்டாக ஏதாவது வேண்டும், நனைந்த மரத்தடி, காவல்துறை வண்டி, பாலத்தின் நிழல். வெளிச்சம் எதிரிலிருந்து வர வேண்டும்.

ஃபோகஸைக் கேமராவின் விருப்பத்துக்கு விட்டால் அது முன்னால் இருக்கிற குடைக்கம்பியையும் துளியையும் பிடிக்கும். ஒற்றைப் புள்ளியை வைத்துக் கண்ணில் நிறுத்துங்கள். ரா (RAW) கோப்பாக எடுங்கள். மப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கொடியும் சிவப்புப் பேனரும் மடிப்பே தெரியாமல் ஒரே சிவப்பாகத் தேங்கிவிடும், அதற்காக வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைத்து எடுப்பது நல்லது. இன்னொரு தொல்லை நீலத் தார்ப்பாய். மழை வந்ததும் எல்லாரும் அதன் அடியில் போய்விடுவார்கள், எல்லா முகமும் நீலம் பாய்ந்துவிடும். கம்ப்யூட்டரில் சரி செய்யலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு கன்னத்தில் நீலமும் மறு கன்னத்தில் வான வெளிச்சமும் இருந்தால் இரண்டையும் சேர்த்துச் சரி செய்ய முடியாது. தார்ப்பாயின் ஓரத்துக்கு வந்து நிற்கிறவர்களை எடுங்கள்.

கேமராவை வெளியே எடுக்கவே முடியாத மழையில் போன் போதும். ஈர விரலுக்குத் தொடுதிரை கேட்காது, சத்தம் கூட்டுகிற பொத்தானை அழுத்தினால் படம் விழும். ஐபி68 என்று தண்ணீர்த் தடுப்பு அளவு போட்டிருந்தால் அது நல்ல தண்ணீரில் சோதித்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீருக்கு அந்தக் கணக்கு செல்லாது. 2012 செப்டம்பரில் இடிந்தகரையில் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து மக்கள் கடலில் இறங்கி நின்றபோது நானும் இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்தேன். கேமராவில் பட்ட சாரலை அன்று துண்டால் துடைத்ததோடு சரி. ஒரு மாதத்தில் பொத்தான்கள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போயின, உள்ளே உப்பு அரித்திருந்தது. கடற்கரை ஊருக்குப் போய் வந்தால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் உப்பை எடுத்துவிட்டு, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

நம் பக்கத்து மழை இரண்டு விதம் என்பதைக் கடையத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேமராவுக்கு அது எப்படி முக்கியம் என்று சொல்கிறேன். ஆனி, ஆடியில் உங்கள் பக்கமும் தென்காசி, பாபநாசம் பக்கமும் மேற்கிலிருந்து காற்றோடு வருகிற சாரல், மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வீசும். மேற்கே முதுகைக் காட்டி நின்றால் லென்ஸ் அவ்வளவாக நனையாது. நெல்லை டவுனுக்கும் பாளைக்கும் அந்த மாதங்களில் பெரும்பாலும் மழை வராது, காற்றும் புழுதியும்தான். அந்தப் புழுதி உறைக்குள் புகுந்தால் மழையைவிட மோசம். ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. மத்தியானம் வரை வெயில் காய்ந்துவிட்டு மாலையில் இடியோடு நேரே கொட்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் வ.உ.சி. மைதானம் மாதிரித் திறந்த வெளியிலும் மரத்தடியிலும் நிற்காதீர்கள். கட்டடத்துக்குள் போய்விடுங்கள், எந்தப் படமும் அதைவிடப் பெரிதில்லை. தெருவில் தண்ணீர் தேங்கினால் மூடியில்லாத சாக்கடை எங்கே இருக்கிறது என்று தெரியாது, உள்ளூர்க்காரர்கள் கால் வைக்கிற இடத்தில் கால் வையுங்கள். மைக்செட் வயரும் ஜெனரேட்டரும் ஈரத்தில் கிடக்கும், அவற்றுக்குப் பக்கத்தில் முழங்காலிட வேண்டாம்.

கொக்கிரகுளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பக்கம் ஆட்சியர் அலுவலகம், மறு பக்கம் தாமிரபரணி, பக்கத்திலேயே சுலோச்சன முதலியார் பாலம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலம் அங்கேதான் தடுக்கப்பட்டது. தடியடிக்குத் தப்ப ஓடியவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். ஒரு குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். இன்றும் வருஷந்தோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். அங்கே கேமராவோடு நிற்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவில் இருக்கும். ஆறு எந்தப் பக்கம், வெளியே போகிற தெரு எந்தப் பக்கம் என்று கூட்டம் சேருமுன்பே ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள். ஆற்றுக்கும் கூட்டத்துக்கும் நடுவே நிற்காதீர்கள், காவலர் வரிசைக்கும் கூட்டத்துக்கும் நடுவிலும் நிற்காதீர்கள். ஓரத்தில், சுவருக்கோ தூணுக்கோ பக்கத்தில் நில்லுங்கள். ஈரச்சாலையில் வழுக்காத, பின்வார் உள்ள செருப்புப் போடுங்கள். மழையில் கூட்டம் ஓடத் தொடங்கினால் முதல் ஆபத்து வழுக்கி விழுந்து மிதிபடுவதுதான்.

அழித்த படத்தைப் பற்றி. பொது இடத்தில் நடக்கிற ஆர்ப்பாட்டத்தைப் படம் எடுப்பது குற்றம் இல்லை. படத்தை அழி என்று நின்ற இடத்தில் உத்தரவு போடவும் காவலருக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை. ஒரு பொருளைக் கைப்பற்ற வேண்டுமானால் அதற்கு எழுத்து மூலமான முறை இருக்கிறது. தடை உத்தரவு இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு 144 என்று சொன்னோமே, அது 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 163-ஆவது பிரிவு. பத்திரிகை ஆசிரியரிடமிருந்து பெயர், படம், முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள். கேட்டால் “பத்திரிகைக்கு எடுக்கிறேன் சார், உங்கள் அதிகாரியிடம் பேசுகிறேன்” என்று பணிவாகச் சொல்லலாம். தனியாக நின்று வாக்குவாதம் வேண்டாம். சங்கத்து வக்கீல் அல்லது வேறு பத்திரிகைக்காரர் பக்கத்துக்கு நகர்ந்து கொள்ளுங்கள். அப்படியும் அழிக்க வேண்டி வந்தால் அழித்துவிட்டு, உடனே அந்தக் கார்டைக் கழற்றி வேறு கார்டு போடுங்கள். அழித்த படம் கார்டிலேயேதான் இருக்கும், அதன் மேல் புதுப் படம் பதிந்தால்தான் போகும். போட்டோரெக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, வீட்டுக்கு வந்து அதில் மீட்டுக்கொள்ளலாம். நீங்கள் அன்று அழித்தபின் அதே கார்டில் தொடர்ந்து எடுத்திருந்தாலும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், சில சமயம் கிடைக்கும்.

இப்போது முகங்கள். மேடையில் பேசுகிற தலைவருக்குத் தன் முகம் வருவதில் கவலை இல்லை. ஓரத்தில் நிற்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடுத்த நாள் வேலை இருக்குமா என்பதே உங்கள் படத்தைப் பொறுத்து அமையலாம். அவரிடம் கேளுங்கள். “போடலாமாம்மா?” என்ற ஒரு வார்த்தைதான். வேண்டாம் என்றால் கையை எடுங்கள், முதுகை எடுங்கள். பீடி சுற்றிச் சுற்றித் தேய்ந்த விரல் நுனி எந்த முகத்துக்கும் குறைவாகச் சொல்லிவிடாது.

நனைந்த உடையில் இருக்கிற பெண்களைப் பற்றி ரொம்பக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும்போது ஒரு பெண் தன்னைப் பற்றி நினைக்காமல் கையைத் தூக்கிக் கோஷம் போடுகிறாள். அவள் நினைக்காததை நாம் நினைக்க வேண்டும். நீங்கள் பெண் என்பதால் உங்களைப் பக்கத்தில் விடுவார்கள், குடைக்குள் இடம் கொடுப்பார்கள். என்னைப் போன்றவர்களுக்குக் கிடைக்காத நம்பிக்கை அது. நெஞ்சுக்கு மேலே எடுங்கள், அல்லது அட்டையோ பையோ முன்னால் வருகிற கோணத்தில் எடுங்கள். தப்பித் தவறி எடுத்துவிட்டால் அந்தப் படத்தை ஆசிரியருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் எதைப் போடுவது என்பது உங்கள் கையில் இருக்காது.

விவரங்களை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ஈரத் தாளில் பால்பாயிண்ட் எழுதாது, பென்சில் எழுதும். எந்தச் சங்கம், எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள், ஆயிரம் பீடிக்கு இப்போது என்ன கூலி, எவ்வளவு கேட்கிறார்கள், மனுவை யார் வாங்கினார்கள், வாங்கியவர் என்ன சொன்னார். கூட்டத்தின் எண்ணிக்கையைச் சங்கம் சொன்னபடியும் போடாமல் காவல்துறை சொன்னபடியும் போடாமல், பத்துப் பத்தாக ஒரு வரிசையை எண்ணி வரிசைகளால் பெருக்கிப் போடுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் தரம் குறையாது. குறிப்பைத் தனிச் செய்தியாக அனுப்பாமல் படத்தின் தகவல் பகுதியிலேயே எழுதிவிடுங்கள். தனியாகப் போனால் தனியாகவே தொலையும். ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: படம் எதுவானாலும் சரி, கீழே வருகிற வரியில் கோரிக்கை இருக்க வேண்டும். நான் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக அந்த வெள்ளைப் புள்ளி. லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். தனிப் புள்ளியாக இருந்தால் பெரும்பாலும் தூசி, படத்தில் அது தெரியவே தெரியாது, விட்டுவிடுங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. அப்படியானால் மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள். தொடக்கத்திலேயே பிரித்துச் சுத்தம் செய்தால் போய்விடும், கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிட்டால் தடம் நிற்கும். வெயிலில் வைத்தெல்லாம் போகாது. சுத்தம் செய்தபின் லென்ஸை ஸ்டூடியோ பையிலேயே அடைத்து வைக்காமல், காற்றுப் புகாத ஒரு சம்படத்தில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசி வேண்டாம், அதன் மாவு உள்ளே போகும். சின்ன ஈரமானி ஒன்று உள்ளே கிடந்தால் நல்லது, ஈரப்பதம் 45-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெதுவாகச் சூடாக்கி மறுபடி போடலாம். மழையில் நனைந்து வந்த அன்று மட்டும் நேராகச் சம்படத்துக்குள் வைத்துவிடாதீர்கள். பேட்டரியையும் கார்டையும் கழற்றிவிட்டு, மூடிகளைத் திறந்து, ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் துணி மேல் கிடக்கட்டும். பழுது பார்ப்பவரிடம் காட்டுவதை முகூர்த்த மாதம் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள், இந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி